புரட்டிப் போட்ட கூரை

தகரக் கூரையின் மேல் விழும் மழையின் ஓசையைப் பற்றி நம் கவிஞர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். சிறுகதைகளிலும் அந்த மழை அடிக்கடி பெய்கிறது. அந்தக் கூரையைக் கீழே இறக்கிவைத்துத் துருவைச் சுரண்டியவர்கள் எழுதியதாக எங்கள் வாசிப்பில் எதுவும் தட்டுப்பட்டதில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைக்கும் நோக்கமெல்லாம் எங்களுக்கு இல்லை. ஒரு தவறு செய்தோம். ஒத்துக்கொள்ள வேண்டியவரிடம் அதை வாய்விட்டு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். இருவரும் வேறு வேறு ஊர்களில் வேலை பார்க்கிறோம். அம்மா மட்டும் வேதாரண்யத்துக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையிலுள்ள எங்கள் கிராமத்தில், அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறார். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்த புயல் அந்த வீட்டின் கீற்றுக் கூரையைக் கொண்டுபோனது. இனிக் கீற்று வேண்டாம் என்று முடிவு செய்த அப்பா, பிரித்துப் போடப்பட்ட ஓர் அரிசி ஆலைக் கொட்டகையிலிருந்து நெளி தகரங்களை மலிவாக வாங்கி வந்து மாட்டினார். மொத்தம் 28 தகரங்கள். ஆகவே எங்கள் வீட்டுக்கு வரும்போதே அவை பழையவைதான்.

41 ஆண்டுகள் கழித்து, 2018 நவம்பர் 16 விடியும் முன்னே, கஜா புயல் அதே கூரையைத் தூக்கிற்று. அம்மா அன்றிரவு பள்ளிக்கூட முகாமில் இருந்ததால் பிழைத்தார். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் ஒரு தகரம் என்ன செய்யும் என்பதை நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது கண்டோம். ஒன்று தென்னை மரத்தில் பாதி இறங்கி நின்றது. ஒன்று பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையின் ஓடுகளை உடைத்துக் கிடந்தது. மன்னிப்புக் கேட்கப் போனோம். அந்த வீட்டுப் பெரியவர், "எங்க கொல்லைத் தென்னை உங்க கெணத்துல கெடக்கு. யாரு யாருகிட்ட மன்னிப்புக் கேக்குறது?" என்றார். நான்கு நாட்கள் தோப்புகளுக்குள் அலைந்து 23 தகரங்களைத் திரட்டினோம். மூன்று கிழிந்து போயிருந்தன. மிஞ்சியவை 20.

பழைய இரும்புக் கடைக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். அம்மா விற்க மறுத்தார். "இன்னும் ஒரு ஆயுசு இருக்கு அதுக்கு" என்பது அவர் வாதம். புதிதாக 28 வாங்கும் நிலையில் நாங்களும் இல்லை. எட்டு மட்டும் புதிதாக வாங்கிக்கொண்டு, பழையவற்றைச் செப்பம் செய்து வண்ணம் பூசி மாட்டுவது என்று முடிவாயிற்று. கூரைச் சட்டங்கள் நல்லவேளையாகத் தப்பியிருந்தன. அதுவரை தார்ப்பாயின் கீழ் அம்மா மூன்று மாதம் இருந்தார்.

*

தகரம் என்ற சொல்லே ஒரு வேடிக்கை. பழந்தமிழில் அது கூந்தலுக்கு மணமூட்டும் ஒரு பொருளின் பெயர். பிறகு ஒரு வெள்ளை உலோகத்தின் பெயர். நாம் கூரையில் போடும் தகரத்திலோ அந்த உலோகம் துளியும் இல்லை. அது இரும்புத் தகடு. அதன் மேல் துத்தநாகப் பூச்சு. இரும்புத் தகட்டை நெளித்தால் மெல்லியதாயினும் வளையாமல் நிற்கும் என்று ஹென்றி ராபின்சன் பாமர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1829-இல் காப்புரிமை பெற்றார். உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கி எடுக்கும் முறைக்கு 1837-இல் பிரான்சில் சொரெல் காப்புரிமை பெற்றார். இந்த இரண்டும் சேர்ந்துதான் உலகெங்கும் ஏழைகளின் தலைக்கு மேல் ஏறிற்று. துத்தநாகம் வெறும் போர்வையாக மட்டும் இருப்பதில்லை. கீறல் விழுந்த இடத்தில்கூட, இரும்புக்கு முன்னால் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. அது தீர்ந்த பிறகே துரு தொடங்குகிறது.

எங்கள் தகரங்களில் மேல்பக்கத்துத் துத்தநாகம் என்றோ தீர்ந்துவிட்டிருந்தது. அப்பா சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பூசிவந்த செங்காவி நிற வண்ணமும், அதன் அடியில் துருவும்தான் மிச்சம். அப்பா 2011-இல் காலமான பிறகு யாரும் பூசவில்லை. உப்பளக் காற்று அதுவரை காத்திருந்தது போலிருக்கிறது. உட்பக்கமோ, அடுப்படிக்கு மேலிருந்த சில தகரங்களைத் தவிர, சாம்பல் நிறத்தில் திடமாக இருந்தது. ஒவ்வொன்றின் உட்பக்க நடுவிலும் அப்பா தாரினால் ஓர் எண் எழுதியிருந்தார். அவருடைய 7 எப்போதும் குறுக்குக் கோடு போட்டதாக இருக்கும். அதையும் கண்டோம்.

2019 பிப்ரவரியில் இருவரும் பத்து நாள் விடுப்பு எடுத்து வந்தோம். மடங்கியவற்றை மணலில் கிடத்திக் கொட்டாப்புளியால் தட்டி நிமிர்த்தினோம். பிறகு, இப்போது நினைத்தால் கூச்சம் தரும் அந்த யோசனை எங்களுக்கு உதித்தது. மேல்பக்கம் இவ்வளவு கெட்டிருக்கிறது, உட்பக்கம் நன்றாக இருக்கிறது. தகரங்களைப் புரட்டிப் போட்டால் என்ன? நல்ல முகம் வானத்தைப் பார்க்கட்டும். துருப்பிடித்த முகம் உள்ளே இருக்கட்டும். தெருவிலிருந்து பார்ப்பதற்கும் நன்றாக இருக்கும் என்ற எண்ணமும் அதில் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கப்பா நம்பர் போட்டு வச்சிருக்காரு. பாத்து மாட்டுங்க."

எங்களில் ஒருவர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளைத் தொட்டு, மிகுந்த கனிவோடு சொன்னோம்: "கவலைப்படாதேம்மா. எல்லா நம்பரையும் போட்டோ எடுத்து வச்சிருக்கோம்."

அம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். கண்ணீரை மறைக்கத்தான் போகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். நிறையக் கதை படிப்பதால் வரும் கோளாறு அது.

*

உட்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் கழுவினோம். கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு, சாம்பல் படலம் போய் வெள்ளிபோல் மின்னும் வரை தேய்த்தோம். எவ்வளவு மின்னியதோ அவ்வளவு பெருமை. அதன் மேல் ரெட் ஆக்சைடு பிரைமர். பழைய துளைகளை, கடையில் கிடைக்கும் இரு பசைகளைச் சேர்த்துப் பிசைந்து அடைத்தோம். அதன் மேல் இரண்டு முறை பச்சை எனாமல். எண்களின் வரிசையைப் பார்க்காமல், கைக்கு வந்தபடி தகரங்களை ஏற்றி, புதிய துளைகள் போட்டுத் திருகாணி முடுக்கினோம். வீடு பச்சைப் பசேல் என்று நின்றது.

மூன்றாம் நாள் காலையில் பச்சைக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஏதோ தெரிந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், 12. சற்றுத் தள்ளி 26. குறுக்குக் கோடு போட்ட 7. அப்பாவின் எண்கள் வண்ணத்தின் வழியாக ஊறி மேலே வந்துகொண்டிருந்தன. இதில் மாயம் ஒன்றுமில்லை. எண்ணெய் வண்ணத்தில் கலந்திருக்கும் டர்பன்டைன் வகைத் திரவங்கள் தாரைக் கரைக்கும். கரைந்த தார் வண்ணத்துக்குள் ஏறும். மண்ணெண்ணெயால் தாரைத் துடைத்தெடுத்திருக்க வேண்டும், அல்லது அலுமினிய வண்ணமோ அரக்கோ பூசி அடைத்திருக்க வேண்டும். அன்று அது தெரியாமல் இன்னொரு முறை பச்சை அடித்தோம். அதையும் தாண்டி எண்கள் வந்தன. அதைப் பற்றி ஒரு கவிதை எழுதிக்கூடப் பார்த்தோம். நல்லவேளையாக எங்கும் அனுப்பவில்லை.

அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் இரண்டு முறை தொலைபேசினோம்.

"மழை பலமாம்மா?"

"பெஞ்சுது."

"ஒழுகுதா?"

"நல்லாத்தான் இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?"

2020 பொங்கலுக்குப் போனோம். கூடத்தின் நடுவில் கிடக்க வேண்டிய கட்டில் கிழக்குச் சுவரோரம் போயிருந்தது. கூடத்துச் சிமெண்டுத் தரையில் ஆறு இடங்களில் வட்ட வட்டமாகக் கறை. பாத்திரங்கள் வைத்து எடுத்த தடங்கள். அம்மாவிடம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் அவர் எங்கே படுத்திருந்தார் என்பதைத் தரையே சொல்லிவிட்டது. எங்கள் வேலையைக் குறை சொல்ல மனமில்லாமல் அவர் நனைந்திருக்கிறார். இதற்கு நாங்கள் என்ன சொல்லியிருக்க முடியும்?

*

பக்கத்து ஊரில் நாற்பது ஆண்டுகளாக வண்ணம் பூசும் ஒருவரை அழைத்துவந்தோம். மேலே ஏறிய அவர் ஒரு பச்சைத் துண்டை வாழைச் சருகுபோல் உரித்துக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். அதன் அடிப்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தது.

"எந்த எடத்துல உரியுது பாத்தீங்களா தம்பி? நல்லா இருக்குற எடத்துல. அடுப்படிக்கு மேல துரு ஏறின தகரத்துல ஒண்ணும் ஆவல. துருப் புடிச்ச எடத்துல பெயிண்டுக்குப் பிடி இருக்கு. நாகத்துல அதுக்கு என்ன பிடி?"

உண்மைதான். பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். எண்ணெய் வண்ணத்திலுள்ள கொழுப்பு அமிலங்கள் துத்தநாகத்தோடு சேர்ந்து, இடையில் மெல்லியதொரு சோப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. வண்ணம் அதன் மேல் வழுக்கிக் கழன்றுவிடுகிறது. நாங்கள் பெருமையோடு மின்ன மின்னத் தேய்த்ததெல்லாம் அந்தக் கழற்சிக்கு வழிசெய்து கொடுத்ததுதான். துத்தநாகத்துக்கென்று தனிப் பிரைமர் உண்டு. இல்லாவிட்டால் வெயில் மழையில் ஓரிரு ஆண்டுகள் மங்கவிட்டுப் பூச வேண்டும். சும்மா விட்டாலும் குற்றமில்லை.

பெரிய தவறு அதுவன்று. அவர் ஒரு தகரத்தைக் கழற்றித் தரையில் போட்டு, நாங்கள் அடைத்த ஒரு துளையில் விரலை வைத்தார். அடைப்பு பச்சையோடு சேர்ந்து கழன்று போயிருந்தது.

"ஓட்டை எப்பவும் மேட்டுலதான் போடணும். தண்ணி பள்ளத்துல ஓடும். உங்கப்பா மேட்டுலதான் போட்டிருக்காரு. நீங்க தகரத்தப் பொரட்டுனீங்க, மேடெல்லாம் பள்ளமாப் போச்சு. ஓட்டை பூரா தண்ணி போற வழிக்கு வந்துடுச்சு."

ஒரு தகரத்துக்குப் பன்னிரண்டு துளைகள். இருபது தகரங்களில் 240. அத்தனையையும் நாங்கள் நீரோட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்து வைத்திருந்தோம். அப்பாவின் எண்கள் எந்தத் தகரம் எந்தச் சட்டத்தின் மேல், எதற்கு அடுத்து, எந்த முகம் கீழே பார்த்து உட்கார வேண்டும் என்பதற்கான குறிப்புகள். அவற்றின்படி மாட்டியிருந்தால் பழைய துளைகளில் பழைய இடத்திலேயே திருகாணி இறங்கியிருக்கும். அடைக்க வேண்டிய துளை ஒன்றுகூட இருந்திருக்காது. "பாத்து மாட்டுங்க" என்று அம்மா சொன்னது ஒரு கொத்தனாரின் மனைவி போல, ஒரு மேஸ்திரி போல, வேலையைப் பற்றிய பேச்சு. நாங்கள் அதை நினைவின் உருக்கம் என்று எடுத்துக்கொண்டு ஆறுதல் சொன்னோம். இலக்கியம் படிக்கிற பிள்ளைகளைப் பெற்றதற்கு அவர் நனைய வேண்டியிருந்தது.

*

2020 பிப்ரவரியில் எல்லாவற்றையும் இறக்கினோம். இம்முறை அந்த அண்ணன் சொன்னபடி கேட்டோம், பூசியது நாங்கள்தான்.

பச்சையை உரிப்பது எளிதாகவே இருந்தது. தகரங்களை மறுபடி புரட்டி, அப்பா மேலே வைத்த அதே துருப்பிடித்த முகத்தை மேலே கொண்டுவந்தோம். முதலில் கழுவல். கடல் உப்பு வண்ணத்துக்கு அடியில் தங்கிவிட்டால் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் போடும் என்பதால் நல்ல தண்ணீரில் மூன்று முறை. பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்று முகத்தில் துணி கட்டி, ஈரமாக வைத்தே சுரண்டினோம். உதிரக்கூடிய துருவையெல்லாம் கம்பி பிரஷ்ஷால் எடுத்தோம். உதிராத துருவை விட்டுவிடச் சொன்னார் அண்ணன். "முழுசா எடுக்கணும்னு தேய்ச்சா தகரமே போயிடும்" என்றார்.

விட்ட துருவின் மேல் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றியைப் பூசினோம். செம்பழுப்பு ஒரு நாளில் கறுத்தது. துரு இரும்புப் பாஸ்பேட்டாக மாறி, தகட்டோடு ஒட்டிய ஒரு படலமாகிவிடுகிறது. துவர்ப்புச் சத்தைக் கொண்டு இதையே செய்யும் துருமாற்றிகளும் உண்டு. எங்கள் பக்கத்துக்கு இது புதிய செய்தி அன்று. கும்பகோணம் பகுதியில் தீட்டப்படும் கருப்பூர்க் கலம்காரித் துணிகளின் கறுப்பு, கடுக்காய் ஊட்டிய துணியின் மேல், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரைத் தீட்டுவதால் வருவதுதான். துருவை ஒழிக்க முடியாதபோது அதைக் கறுப்பாக்கி வேலைக்கு வைத்துக்கொள்வது பழைய வழக்கம்.

பிறகு ரெட் ஆக்சைடு. விளிம்புகளுக்கும் துளைகளின் ஓரங்களுக்கும் முதலில் சிறு பிரஷ்ஷால் தனியாக ஒரு பூச்சு. துரு எப்போதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மாசி மாதப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, தகரம் கை பொறுக்காத சூட்டை எட்டுமுன் நிறுத்தி, மறுபடி மாலையில் பனிக்கு முன் முடித்தோம். கடைசியாக எனாமல், மெல்லியதாக இரண்டு முறை. பச்சை வேண்டாம் என்று தோன்றியது. அப்பாவின் செங்காவியே போதும்.

எண்களை வரிசைப்படுத்தினோம். இல்லாதவை 3, 4, 9, 15, 16, 21, 22, 27. அந்த இடங்களில் புதிய தகரங்களை வண்ணம் பூசாமல் வைத்தோம். அவை மங்கிய பிறகு 2022-இல்தான் பூசினோம். அதுவரை கூரை ஒட்டுப்போட்ட துணிபோல் இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பழைய துளைகளில் திருகாணிகள் தாமாகவே போய் உட்கார்ந்தன. கீழே நின்று அண்ணன் எண்ணைச் சொல்ல, மேலே நாங்கள் வாங்கி வைத்தோம். இரண்டே நாளில் வேலை முடிந்தது.

அம்மா கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். உட்பக்கத்தில் தார் எண்கள் சற்றுக் கலைந்திருந்தாலும் படிக்க முடிந்தது.

"புதுசுக்கு நம்பர் போட்டீங்களா?"

போடவில்லை. மறுபடி ஏணி வைத்து, கீழிருந்து அண்ணாந்தபடியே, இருவரும் மாறி மாறி எட்டு எண்களையும் தாரால் எழுதினோம். சொட்டிய தார் சட்டையிலிருந்து போகவே இல்லை. 27-க்கு வந்தபோது குறுக்குக் கோடு போடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினோம். போடவில்லை. அது நாங்கள் எழுதியது என்று தெரியட்டும். அம்மா கட்டிலை நடுக்கூடத்துக்கு இழுத்துப் போடச் சொன்னார்.

அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயலின் மழை எங்கள் பகுதியில் நாள்கணக்கில் கொட்டியது. மூன்றாம் நாள் இரவுதான் தொலைபேசி இணைப்புக் கிடைத்தது. அம்மாவின் குரலுக்குப் பின்னால் கூரையின் ஓசை பேச்சை அமுக்கும் அளவுக்கு இருந்தது.

"ஒழுகுதாம்மா?"

"பதினஞ்சுக்கும் பதினாறுக்கும் நடுவுல லேசா ஒழுகுது. மத்ததெல்லாம் ஒண்ணுமில்ல. பொங்கலுக்கு வர்றப்ப பாருங்க."

பதினைந்தும் பதினாறும் நாங்கள் வாங்கியவை, நாங்கள் துளை போட்டவை. ஆனாலும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினோம். இம்முறை அம்மா எங்களிடம் சொல்லிவிட்டார்.